27 பாட்டில் எந்த மூன்றை வாசிப்பது?

வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். தன்னை அடையாளம் காட்டும் விவரம் எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 39. ஒன்றரை வருடமாக அகூஸ்டிக் கிட்டார் பழகுகிறார். முதல் ஆறு மாதம் வகுப்புக்குப் போனார். அப்புறம் வேலை நெருக்கடியில் அது நின்றுவிட்டது. இப்போது இணையத்தில் கார்ட்ஸ் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) பார்த்து, இரவில் அரை மணி நேரம் தானாகவே வாசிக்கிறார். ஒரு நோட்டில் 27 பாட்டு எழுதி வைத்திருக்கிறார். எல்லாமே சின்ன வயதிலிருந்து உயிராகக் கேட்டு வளர்ந்த பாட்டுகள். ஆனால் ஒன்றைக்கூட முதலிலிருந்து கடைசி வரை நிற்காமல் வாசிக்க வரவில்லை. "பல்லவி ஓடிவிடுகிறது. சரணத்தில் பி ஃப்ளாட்டோ எஃப்போ வந்ததும் கை நின்றுவிடுகிறது. அடுத்த நாள் வேறு பாட்டைத் திறக்கிறேன்" என்கிறார்.

இன்னும் மூன்று மாதத்தில் அம்மாவின் பிறந்தநாள். வீட்டார் முன்னால் மூன்று பாட்டு வாசிக்க ஆசை. அதையொட்டிச் சில கேள்விகள். குரல் சுமார்தான், பாடாமல் கார்ட்ஸ் மட்டும் வாசித்தால் போதுமா? கேப்போ (கிட்டார் கழுத்தில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடுவது ஏமாற்று வேலை என்று நண்பர் ஒருவர் சொன்னாரே, உண்மையா? விரல் குட்டையாக இருப்பதால்தான் பார் கார்ட் (ஒரே விரலைக் குறுக்கே வைத்துப் பல கம்பிகளை அழுத்தும் பிடி) வரவில்லையா? வாசித்ததைப் பதிவு செய்து இணையத்தில் போட்டால் உரிமைச் சிக்கல் வருமா? கடைசியில் இப்படி முடிக்கிறார்: "எனக்கு ஏற்ற பாட்டுப் பட்டியல் ஒன்று கொடுங்கள். எனக்கு இது வராது என்றால் அதையாவது நேராகச் சொல்லிவிடுங்கள்."

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கே முதல் பதில். உங்களுக்கு வரும். கடிதத்தின் நடுவில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்த ஒரு வரியை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். ஜி-யிலிருந்து சி-க்கும், சி-யிலிருந்து ஏ மைனருக்கும் கையைப் பார்க்காமலே மாறிவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். கிட்டார் தொடங்கும் பலர் அந்த இடத்துக்கு வருவதற்குள்ளேயே அதை மூலையில் சாத்திவிடுவார்கள். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். இப்போது தடுக்குவது உங்கள் கை இல்லை, பாட்டை எடுக்கும் விதம்.

கேட்கப் பிடித்த பாட்டு வேறு, இன்றைக்கு நம் கையிலும் தொண்டையிலும் உட்காரும் பாட்டு வேறு. உங்கள் 27 பாட்டையும் காது தேர்ந்தெடுத்திருக்கிறது. கையையும் குரலையும் யாரும் கேட்கவே இல்லை. நான் ஒரு பட்டியல் கொடுத்தாலும் இதே கதைதான் நடக்கும். என் குரலுக்குப் பொருந்தும் பாட்டு உங்களுக்கு எட்டாமல் போகலாம். அதனால் பட்டியல் தரப்போவதில்லை. நீங்களே மூன்றைப் பொறுக்கி எடுக்கும் வழியைச் சொல்கிறேன்.

கார்ட்ஸ் மட்டும் போதுமா?

போதாது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டார் முன்னால் வாசிக்கும்போது மனம் உடைவது பெரும்பாலும் இங்கேதான். நீங்கள் ஜி, ஈ மைனர், சி, டி என்று வாசிக்கும்போது உங்கள் தலைக்குள் மெட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் உங்களுக்கு அது முழுப் பாட்டாகக் கேட்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த மெட்டு கேட்பதில்லை. அதே நான்கு கார்ட் எத்தனையோ பாட்டுகளுக்குப் பொருந்தும். "நல்லா இருக்கு, என்ன பாட்டு இது?" என்று அவர் கேட்டால் உங்களுக்குச் சுருக்கென்று இருக்கும். தவறு அவருடையதும் அல்ல.

ஆக மெட்டை யாராவது சுமக்க வேண்டும். அதற்கு மூன்று வழி இருக்கிறது. நீங்களே பாடலாம். வேறு யாராவது பாட, நீங்கள் கூட வாசிக்கலாம். அல்லது மெட்டையே கிட்டாரில் மெல்லிய கம்பிகளில் எடுத்து, கட்டைவிரலால் அடிநாதம் கொடுக்கலாம். மூன்றாவது வழி கேட்க மிக அழகாக இருக்கும். ஆனால் அதற்கு வலக்கை விரல்கள் தனித்தனியாகப் பழக வேண்டும். ஃபெர்னாண்டோ சோர், கார்கசி போன்ற கிட்டார் இசையமைப்பாளர்கள் 19-ஆம் நூற்றாண்டில் எழுதிய எளிய பயிற்சித் துண்டுகள் இன்றைக்கும் அதற்குத்தான் பயன்படுகின்றன. மூன்று மாதத்தில் அந்த வழியில் மூன்று பாட்டு என்பது உங்கள் நிலையில் சிரமம். அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சமிருப்பது பாடுவது. குரல் சுமார் என்கிறீர்கள். சுமார் என்று சொல்பவர்களைப் பாடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாதிப் பேருக்குக் குரலில் குறையே இருக்காது, எடுத்த ஸ்கேல், அதாவது பாட்டு நிற்கும் சுருதிதான் அவர்களுக்கு உரியதாக இருக்காது. பதிவில் பாடியவர் எட்டிய உச்சியை நாமும் எட்டியாக வேண்டும் என்று தொண்டையை இறுக்கினால் எந்தக் குரலும் சுமாராகத்தான் கேட்கும்.

ஸ்கேலைத் தொண்டையிலிருந்து எடுங்கள்

உங்கள் நோட்டின் முதல் பாட்டையே எடுத்துக்கொள்வோம். இணையத்தில் கிடைத்தபடி பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், எஃப், ஜி மைனர் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கும் பார் கார்ட். எட்டு மாதம் அதனோடு மல்லுக்கட்டியும் வரவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். வராததில் ஆச்சரியமே இல்லை. ஒன்றரை வருடம் பழகியவருக்குத் தொடர்ந்து நான்கு நிமிடம் பார் கார்ட் பிடிப்பது என்பது கனமான வேலை.

இப்போது கிட்டாரைக் கீழே வையுங்கள். பாட்டில் குரல் மிக உயரே போகும் வரி எது என்று பாருங்கள். பெரும்பாலும் சரணத்தின் மூன்றாவது அல்லது நான்காவது வரியாக இருக்கும். பல்லவியை விட்டுவிட்டு அந்த வரியை முதலில் பாடுங்கள். பேசும் குரலைவிடக் கொஞ்சம் மேலே, கழுத்து நரம்பு புடைக்காமல், முகம் சுளிக்காமல் வரும் இடத்தில் பாடுங்கள். அது நிம்மதியாக வந்ததும், அதே சுருதியில் இறங்கி வந்து பல்லவியை முடியுங்கள். பல பாட்டுகளில் பல்லவி வந்து அடங்கும் இடம்தான் ச. அந்த ஒற்றை ஸ்வரத்தை முனகலாகப் பிடித்துக்கொண்டே கிட்டாரை எடுத்து, கம்பிகளில் தேடுங்கள். ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) எதையும் அழுத்தாமல், மெல்லிய கம்பியிலிருந்து எண்ணி மூன்றாவது கம்பியை மீட்டியபோது இரண்டும் ஒட்டிக்கொண்டால் உங்கள் ஸ்கேல் ஜி.

பி ஃப்ளாட்டிலிருந்து ஜி மூன்று ஃப்ரெட் கீழே. அப்படியானால் எல்லாக் கார்டையும் மூன்று ஃப்ரெட் இறக்குங்கள். பி ஃப்ளாட் ஜி ஆகும். ஈ ஃப்ளாட் சி ஆகும். எஃப் டி ஆகும். ஜி மைனர் ஈ மைனர் ஆகும். பாருங்கள், எட்டு மாதமாக உங்களை மிரட்டிய நான்கு கார்டும் உங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும் நான்கு கார்டாக மாறிவிட்டன. மெட்டு அதேதான், கார்டுகளுக்கு இடையே உள்ள உறவும் அதேதான். தங்கி நிற்கும் உயரம் மட்டும் மாறியிருக்கிறது.

தேடியபோது ச வேறு இடத்தில் கிடைத்தால்? அதற்குத்தான் கேப்போ. ஒரு ஃப்ரெட் மேலே, ஏ ஃப்ளாட்டில் கிடைத்தால் கேப்போவை முதல் ஃப்ரெட்டில் போட்டு அதே ஜி வடிவங்களை வாசியுங்கள். ஏ-யில் கிடைத்தால் இரண்டாவது ஃப்ரெட். பதிவில் உள்ள அதே பி ஃப்ளாட்தான் வேண்டும் என்றால் மூன்றாவது ஃப்ரெட். கை அசையும் விதம் ஒன்றே.

கேப்போ ஏமாற்று வேலை என்று உங்கள் நண்பர் சொன்னதில் எனக்கு வருத்தம் உண்டு, அந்த ஒரு சொல்லால் கிட்டாரைக் கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கேப்போ செய்வது என்ன? எல்லாக் கம்பிகளையும் ஒரே இடத்தில் அழுத்தி, அவை அதிரும் நீளத்தைக் குறைக்கிறது. அதனால் அழுத்தாத கம்பிகளின் கணீர் நாதம் எந்த ஸ்கேலிலும் கிடைக்கிறது. பார் கார்டில் அந்த நாதம் கிடைக்காது. பெரிய கலைஞர்களும் கேப்போ போடுகிறார்கள். பார் கார்ட் கற்றுக்கொள்ள வேண்டும், அதில் சந்தேகம் இல்லை. அதைப் பயிற்சி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். அம்மாவின் பிறந்தநாளில் நிரூபிக்க வேண்டியதில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் கார்ட்ஸ் எல்லாம் பதிவின் ஸ்கேலில் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். எழுதியவர் தன் வசதிக்கு மாற்றியிருப்பார், சில இடங்களில் மேஜர் மைனர்கூடத் தவறியிருக்கும். காணொளிகளில் சுருதியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கியும் வைத்திருப்பார்கள். பழைய பதிவுகள் சில இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே நிற்கும். பாட்டோடு சேர்ந்து வாசிக்கும்போது ஒட்டவில்லை என்றால் உடனே உங்கள் காதைச் சந்தேகிக்காதீர்கள்.

எந்தப் பாட்டு ஒற்றைக் கிட்டாரில் நிற்கும்?

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. தொடையில் தாளம் தட்டிக்கொண்டு, வேறு எந்த வாத்தியமும் இல்லாமல் முழுப் பாட்டையும் பாடிப் பாருங்கள். அப்போதும் அது பாட்டாக இருந்தால் கிட்டாரில் நிற்கும். நடுநடுவே வயலின் கூட்டத்தையும் புல்லாங்குழலையும் வாயால் போட்டுக் காட்டாமல் உங்களால் இருக்க முடியவில்லை என்றால், அந்தப் பாட்டின் உயிர் இடையிசையில் இருக்கிறது. அதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

காரணம் கருவியிலேயே இருக்கிறது. கிட்டாரில் ஒரு கம்பியை மீட்டிய கணத்திலிருந்தே நாதம் தேயத் தொடங்கிவிடும். வில்லோடு இருக்கும் வயலின் ஒரு ஸ்வரத்தை வேண்டிய மட்டும் இழுத்துப் பிடிக்கும், நடுவில் பெரிதாக்கவும் செய்யும். நம்மால் அது முடியாது. அதனால் நீண்ட இழுப்புகளின் மேல் மிதக்கும் மெதுவான பாட்டு, கிட்டாரில் இடைவெளி விழுந்து வெறிச்சோடிக் கேட்கும். கார்டைப் பிரித்து ஒவ்வொரு கம்பியாக மீட்டி ஓரளவு நிரப்பலாம். எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பியை வளைத்து அழ வைக்கும் இடங்களும் நம் கிட்டாரில் எடுபடாது. அகூஸ்டிக் கிட்டாரில் கம்பி தடிமன் அதிகம், மூன்றாவது கம்பியும் பெரும்பாலும் சுற்றுக் கம்பியாக இருக்கும், அவ்வளவு வளையாது. உங்கள் நோட்டில் 9, 14, 22 ஆகிய மூன்றுக்கும் எதிரே 'சோலோ சூப்பர்' என்று குறித்திருக்கிறீர்கள். அந்த மூன்றையும் கேட்டு மகிழுங்கள்.

கமகம் நிறைந்த பாட்டுகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், உங்கள் நோட்டில் ஐந்தாறு அப்படி இருக்கிறது. குரலில் குழைந்து வரும் அசைவை ஃப்ரெட் வைத்த கருவியில் அப்படியே எடுக்க நீண்ட பயிற்சி வேண்டும். வேகமாகக் கார்ட் மாற்றி அந்தப் பாட்டுகளைப் பின்தொடரவும் கூடாது, ராகம் நசுங்கிவிடும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஆறாவது கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள். இப்போது தடித்த மூன்று கம்பிகளும் டி, ஏ, டி. அதாவது ச, ப, ச. கட்டைவிரலால் அந்த மூன்றை மட்டும் நிதானமாக மீட்டிக்கொண்டு, கமகத்தைக் குரலுக்கு விட்டுவிடுங்கள். டி உங்களுக்கு இறக்கமாக இருந்தால் கேப்போவை இரண்டாவது ஃப்ரெட்டில் போட்டால் ஈ. வேறு கார்டே இல்லாமல் ஒரு முழுப் பாட்டைத் தாங்கிவிடும். இரண்டு இடத்தில் மட்டும் ஒரு கார்ட் வைத்தீர்கள் என்றால் கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

தாளத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வாயால் நாலு எண்ணிக்கையில் தகதிமி சொன்னால் பாட்டோடு ஓடுகிறதா, மூன்று எண்ணிக்கையில் தகிட சொன்னால் ஓடுகிறதா? தகிடவில் ஓடும் பாட்டுக்கு, நாலு எண்ணிக்கைக்குப் பழகிய ஸ்ட்ரம்மிங்கை (கம்பிகளை மேலும் கீழும் வருடி மீட்டும் விதம்) வைத்து வாசித்தால் ஏதோ நொண்டுகிறது என்று தெரியும், எது என்று புரியாது. உங்கள் ஆறாவது பாட்டில் "ரிதம் சேரவே மாட்டேங்குது" என்று எழுதியிருப்பது இதனால்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு நிமிடச் சோதனை

பாட்டு மனதளவில் முடிவானதும் கையைக் கேளுங்கள். பாட்டில் வரும் மிகக் கடினமான மாற்றம் எது என்று பாருங்கள், உதாரணமாக சி-யிலிருந்து எஃப். கடிகாரத்தில் ஒரு நிமிடம் வைத்து, சி, எஃப், சி, எஃப் என்று சுத்தமாக எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ணுங்கள்.

பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 80 தட்டு, ஒரு சுற்றுக்கு 4 தட்டு, சுற்றுக்கு ஒரு கார்ட் என்றால், கார்ட் மாற உங்களுக்கு 3 விநாடி கிடைக்கிறது. நிமிடத்துக்கு 20 மாற்றம். அதே வேகத்தில் சுற்றுக்கு இரண்டு கார்ட் என்றால் 40. வேகம் 120-க்குப் போய், சுற்றுக்கு இரண்டு கார்டும் இருந்தால் 60. உங்கள் எண்ணிக்கை 15 என்றால் 20 கேட்கும் பாட்டை இரண்டு மூன்று வாரத்தில் எட்டிவிடலாம். 60 கேட்கும் பாட்டை மூன்று மாதத்துக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். அதிகக் கார்ட் உள்ள பாட்டு உயர்ந்தது, மூன்று கார்ட் பாட்டு மட்டம் என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் எட்டிப் பார்க்கிறது. கார்ட் எண்ணிக்கைக்கும் பாட்டின் தரத்துக்கும் தொடர்பு கிடையாது. எத்தனை கார்ட் என்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் மாற வேண்டும் என்பதுதான் கைக்குப் பாரம்.

மாற்றங்களையும் புத்திசாலித்தனமாக அமைக்கலாம். ஜி கார்டில் மோதிர விரலை இரண்டாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டிலும், சுண்டுவிரலை முதல் கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டிலும் வைத்துப் பிடியுங்கள். அந்த இரண்டையும் எடுக்காமல், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மட்டும் நகர்த்தி சி-யின் ஒரு வகைக்கும், ஈ மைனரின் ஒரு வகைக்கும் போய்விடலாம். டி-க்குப் போகும்போதுகூட மோதிர விரல் அதே இடத்தில்தான் நிற்கும். ஒரு விரல் ஆணியடித்தாற்போல் இருந்தால் மற்ற விரல்களுக்கு வழி தெரியும். முழு எஃப்புக்குப் பதிலாக எஃப் மேஜர் செவன் பல பாட்டுகளில் பொருந்தும். அதில் பார் இல்லை, முதல் கம்பி திறந்தே இருக்கும்.

விரல் குட்டை என்பது பற்றி

1928-இல் நடந்த தீ விபத்தில் ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டுக்கு இடக்கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் முடங்கிப்போயின. மீதி இரண்டு விரலை வைத்துத்தான் தன் தனி வாசிப்புகளை எல்லாம் அவர் வாசித்தார். சிறு வயதில் போலியோ வந்து இடக்கை பலம் குறைந்த கனடியப் பாடகி ஜோனி மிட்சல், தன் கைக்கு ஏற்றபடி கம்பிகளின் சுருதியையே மாற்றிக் கட்டிக்கொண்டு பாட்டுகளை உருவாக்கினார். இருவருமே தங்கள் கையைக் கேட்டு வாசிப்பை அமைத்துக்கொண்டார்கள்.

உங்கள் விஷயத்தில் விரலைக் குறை சொல்லும் முன் கிட்டாரைச் சந்தேகியுங்கள். முதல் ஃப்ரெட்டில் எஃப் பிடித்துப் பாருங்கள். பிறகு கேப்போவை முதல் ஃப்ரெட்டில் போட்டு, அதற்கு அடுத்த ஃப்ரெட்டில் அதே வடிவத்தைப் பிடியுங்கள். இரண்டாவது சட்டென்று எளிதாகிவிட்டால், கழுத்தின் தலைப்பில் கம்பிகள் உட்காரும் நட் உயரமாக இருக்கிறது என்று அர்த்தம். கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் சரி செய்துவிடுவார். கம்பியின் தடிமன் 12 அளவு என்றால் 11 அல்லது 10-க்கு மாற்றலாம், ஒலி சற்று மெலியும், விரலுக்குச் சுகம். எதுவுமே மாற்ற வேண்டாம் என்றால், எல்லாக் கம்பிகளையும் அரை ஸ்வரம் இறக்கிக் கட்டுங்கள். இழுவிசை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். ஸ்கேலைத் திரும்பப் பெறக் கேப்போ இருக்கவே இருக்கிறது.

விரல் நுனி வலிப்பது பழக்கத்தில் போய்விடும். மணிக்கட்டில் வலி, விரல் மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு இருந்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

பதிவு செய்து இணையத்தில் போடுவது

வீட்டில் சொந்தக்காரர்கள் முன்னால் வாசிப்பதற்கு யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. பொதுவில் ஏற்றுவது வேறு. பாட்டின் வரிகளுக்கும் மெட்டுக்கும் ஒரு உரிமை, அதைப் பதிவு செய்த ஒலிக்குத் தனி உரிமை. நீங்களே வாசித்துப் பாடினால் முதலாவது மட்டும் சம்பந்தப்படும். பின்னணியில் அசல் பதிவையோ அதிலிருந்து எடுத்த கரோக்கியையோ ஓடவிட்டால் இரண்டாவதும் வந்து சேரும். பெரிய தளங்கள் பாட்டைத் தானாகவே கண்டுபிடித்து, விளம்பர வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பிவிடலாம், ஒலியை முடக்கலாம், காணொளியையே நீக்கலாம். "உரிமை உரியவர்களுக்கே" என்று கீழே எழுதிவிட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது மரியாதை, அனுமதி ஆகாது. படைப்பாளர் பெயரைக் கட்டாயம் போடுங்கள், ஆனால் அதை ஒரு கவசமாக நினைக்காதீர்கள். இதில் பணம் வரும் எண்ணம் இருந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். குடும்பத்தார் பார்த்தால் போதும் என்றால் பொதுவில் போட வேண்டிய அவசியமே இல்லை.

சரி, அந்த மூன்று எவை?

முதல் பாட்டு உங்கள் நோட்டிலேயே இருக்கிறது, நாம் ஜி-க்கு இறக்கிய அதே பாட்டு. எட்டு மாதம் அதோடு வாழ்ந்திருக்கிறீர்கள். வரி வரியாகத் தெரியும். இன்று இரவே புது ஸ்கேலில் வாசித்துப் பாருங்கள், ஒரு வாரத்தில் முழுசாக ஓடிவிடும் என்று நம்புகிறேன். ஒரு பாட்டை முழுமையாக முடித்த ருசி கைக்கும் மனசுக்கும் முதலில் தெரிய வேண்டும்.

இரண்டாவது கொஞ்சம் கஷ்டமானதாக இருக்கட்டும். ஒரே ஒரு புது விஷயம் உள்ள பாட்டு. தகிட நடையோ, எஃப் கார்டோ, கட்டைவிரல் மீட்டலோ ஏதாவது ஒன்று. இரண்டு புது விஷயம் இருந்தால் அதைப் பிறந்தநாளுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் மாதம் முழுக்க இந்த இரண்டோடு மட்டும் இருங்கள். தடுக்கும் இடத்தைத் தினமும் பல்லவியிலிருந்து ஆரம்பித்துத் தேடிப் போகாதீர்கள். இதுவரை அதைத்தான் செய்திருக்கிறீர்கள், அதனால்தான் பல்லவி மட்டும் பளபளவென்று இருக்கிறது. நேராகச் சரணத்தின் அந்த இரண்டு வரியில் தொடங்குங்கள். இடக்கை பிந்தினாலும் வலக்கை நிற்கக் கூடாது. கம்பியைத் தொட்டு ஒலியடக்கியாவது தட்டிக்கொண்டே போங்கள், கேட்பவருக்குத் தாளம் அறுந்தால்தான் தெரியும்.

மூன்றாவது பாட்டை உங்கள் நோட்டில் தேட வேண்டாம். அம்மா வேலை செய்துகொண்டிருக்கும்போது என்ன முணுமுணுக்கிறார் என்று ஒரு வாரம் காது கொடுத்துக் கேளுங்கள். தன்னை மறந்து ஒருவர் முணுமுணுக்கும் பாட்டு, வாத்தியம் இல்லாமல் நிற்கும் பாட்டு. நான் மேலே சொன்ன சோதனையில் அது ஏற்கெனவே தேறிவிட்டது. தெரியாமல் ஒன்றிரண்டு முறை செல்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். வாரத்தில் மூன்று தடவை எடுத்தாலும் அவர் ஏறக்குறைய அதே இடத்தில்தான் தொடங்குவார். அந்த ச எது என்று கிட்டாரில் தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாட்டுக்கு உங்கள் ஸ்கேல் வேண்டாம், அம்மாவின் ஸ்கேலில் தயார் செய்யுங்கள். நீங்கள் வாசிக்கத் தொடங்கினால் அவர் பாடாமல் இருக்கமாட்டார். அவர் பாடும்போது நீங்கள் பாட வேண்டியதும் இல்லை, மெதுவாகக் கூட வாசித்தால் போதும்.

கம்பி மாற்றுவதென்றால் நான்கைந்து நாள் முன்பே மாற்றிவிடுங்கள். அன்று காலையில் மாற்றினால் புதுக் கம்பி நீண்டுகொடுத்துச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். முதலில் ஜி பாட்டு, அடுத்து கஷ்டமான பாட்டு, கடைசியில் அம்மாவின் பாட்டு. கேப்போ போட்டதும் சுருதி லேசாக ஏறும், ட்யூனரில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்கும் நாளில் அம்மா வழக்கத்தைவிட ஒன்றிரண்டு ஃப்ரெட் மேலேயோ கீழேயோ எடுக்கக்கூடும். அதனால் முதல் வரியை அவரைப் பாட விட்டு, எங்கே நிற்கிறார் என்று கேட்டு, கேப்போவை அந்த இடத்துக்கு நகர்த்திக்கொண்டு இரண்டாவது வரியில் சேர்ந்துகொள்ளுங்கள். அந்த நகர்த்தலையும் இப்போதிருந்தே பழகி வையுங்கள்.